பனிக்கட்டிக்கு நடுவுல பொழுது எப்படிப் போகும்?

வீரபாண்டின்னு சொன்னதும் "சேலமா, தேனியா?"ன்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். நம்முளுது திருப்பூர் வீரபாண்டி. பல்லடம் ரோட்டுல பிரிவுன்னு இறங்கினா நாலா பக்கமும் பனியன் கம்பெனிதான். பனியன் தைக்கற ஊர்க்காரன் பனியைப் பத்தி எழுத வந்திருக்கேன், சிரிக்காதீங்க. நான் பார்த்த அதிகபட்ச பனி ஊட்டியில டிசம்பர் மாசக் காலையில புல்லு மேல வெள்ளையா படிஞ்சிருக்குமே, அவ்வளவுதான்.

ஆனா சும்மா உக்காந்திருக்கறதைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். ஆர்டர் இல்லாத மாசம், கரண்ட் கட், துணி வரலை, நூல் வரலை... இப்படி வருஷத்துல பாதி நாள் மெஷின் முன்னாடி சும்மா உக்காந்த காலமெல்லாம் உண்டு. அப்படி ஒரு நாள்தான் இந்தக் கேள்வி வந்துச்சு. நமக்கு ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லாட்டியே கிறுக்குப் பிடிக்குதே, அண்டார்டிகாவுல நம்ம நாட்டுக்காரங்க வருஷக்கணக்கா இருக்காங்களே, ரெண்டு மாசம் சூரியனே வராதாமே, அவங்க என்னதான் பண்ணுவாங்க? தேட ஆரம்பிச்சு, அது எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயிடுச்சு. பதிவு கொஞ்சம் நீளம். டீயை எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு தப்பை சரி பண்ணிடறேன். "ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரி"ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அது சரியா துருவப் புள்ளிக்குத்தான் பொருந்தும். நம்ம மைத்ரி நிலையம் இருக்கறது தெற்கு அட்சரேகை 70 டிகிரி 45 நிமிஷத்துல. அங்க மே மாசக் கடைசியில மறையற சூரியன் ஜூலைக் கடைசியில எட்டிப் பாக்கும். சுமார் ரெண்டு மாசம். ரெண்டு மாசம்தானேன்னு தோணும். ஆனா கப்பல் மார்ச் மாசம் கிளம்பிட்டா, திரும்பி வர்றது அடுத்த கோடை, அதாவது டிசம்பர் வாக்குலதான். நடுவுல யாரு நினைச்சாலும் வீட்டுக்குப் போக முடியாது. இருட்டு ரெண்டு மாசம், பூட்டு ஒம்பது மாசம்!

இதே அட்சரேகைப் பக்கத்துல 1898ல ஒரு கப்பல் மாட்டிக்கிச்சு. பெல்ஜிகான்னு பேரு, பெல்ஜியம் நாட்டுக் கப்பல். தலைவர் அட்ரியன் டி கெர்லாஷ். துணை அதிகாரியா இருந்தவர் ரோல்ட் அமுண்ட்சென், பின்னால 1911ல தென்துருவத்தை முதல்ல தொட்டாரே, அவரேதான். டாக்டர் ஃபிரடெரிக் குக். மார்ச் மாசம் கடல் உறைஞ்சு கப்பலைப் பிடிச்சது. விட்டது அடுத்த வருஷம் மார்ச்சுல. அண்டார்டிகாவுல ஒரு குளிர்காலத்தை முழுசா கழிச்ச முதல் கூட்டம் இவங்கதான். ஆனா யாரும் திட்டம் போட்டுக் கழிக்கலை, மாட்டிக்கிட்டுக் கழிச்சாங்க.

இவங்க பொழுது போக்கினதைப் படிச்சா சிரிப்பும் வருது, பயமும் வருது. பாரிஸ் பத்திரிகையில வந்த பெண்களோட படங்களைக் கத்தரிச்சு வெச்சுக்கிட்டு அழகிப் போட்டி நடத்தியிருக்காங்க. யாருக்கு அழகான கை, யாருக்கு நல்ல நடைன்னு வகை வகையா ஓட்டு! மே மாசம் நடுவுல சூரியன் போனதுக்கப்புறம் அந்தச் சிரிப்பும் நின்னு போச்சு. ஜூன் மாசம் எமில் டான்கோங்கற விஞ்ஞானி இதய நோயால இறந்துட்டாரு. ஒரு மாலுமிக்கு மனசு பிசகிப் போச்சு. கப்பலைச் சுத்திச் சுத்தி வட்டமா நடக்கறதை ஒரு வேலையா வெச்சிருந்தாங்க. அதுக்கு அவங்களே வெச்ச பேரு 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி உலா'.

இங்க ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் வெறும் போர் அடிச்சதால வந்ததுன்னு நினைச்சுடக் கூடாது. காய்கறி இல்லை, புதுக்கறி இல்லை. ஸ்கர்வி நோய் வந்திருந்தது. பெங்குவின், சீல் கறியைச் சாப்பிடுங்கப்பான்னு குக் கெஞ்சினாரு. தலைவருக்கே அது பிடிக்கலை. கடைசியில சாப்பிட்டாங்க, தேறினாங்க. கூடவே குக் இன்னொண்ணும் பண்ணினார். சோர்ந்து போனவங்களைத் தினமும் அடுப்பு வெளிச்சத்துக்கு முன்னாடி உக்கார வெச்சாரு. இன்னைக்கு டாக்டர்கள் ஒளி சிகிச்சைன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுக்குத் தாத்தா மாதிரின்னு வெச்சுக்கலாம்.

இத்தனைக்கும் இந்த விஷயத்துல எப்படி நடந்துக்கணும்னு எண்பது வருஷம் முன்னாடியே ஒருத்தர் வழி காட்டியிருந்தார். வில்லியம் எட்வர்ட் பாரி, பிரிட்டிஷ் கடற்படை. 1819ல வடதுருவப் பக்கம் மெல்வில் தீவுல ரெண்டு கப்பல் உறைபனியில நின்னுடுச்சு. ஏறக்குறைய மூணு மாசம் சூரியன் கிடையாது. பாரி என்ன பண்ணினார்னா, நவம்பர் முதல் வாரத்துலயே கப்பல் தளத்துல நாடக மேடை போட்டுட்டார்! பதினஞ்சு நாளைக்கு ஒரு நாடகம். அதிகாரிகளே பொம்பளை வேஷம் கட்டினாங்க, பாரியும் நடிச்சார். பத்திரிகை வேற நடத்தினாங்க. அதுக்கு எட்வர்ட் சபைன்னு ஒரு விஞ்ஞானி ஆசிரியர். குளிர் எவ்வளவுன்னா, மேடையிலயே உறைநிலைக்குக் கீழதான்.

நாடகத்தோட தரம் எப்படியிருந்திருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசையே இல்லை. நம்மூரு மாரியம்மன் நோம்பி நாடகம் மாதிரிதான் இருந்திருக்கும், ஹி ஹி. ஆனா கவனிச்சுப் பாருங்க. நாடகம் ஒண்ணு போடணும்னா பதினஞ்சு நாள் வேலை இருக்கு. வசனம் மனப்பாடம் பண்ணணும், துணி தைக்கணும், திரை வரையணும். பாக்கறவனுக்கு ரெண்டு மணி நேரம், செய்யறவனுக்கு ரெண்டு வாரம். அதுவும் "வர்ற வியாழக்கிழமை"ன்னு தேதி சொல்லிட்டா, அந்தத் தேதிக்கு ஒரு கூட்டம் காத்திருக்கும். காத்திருக்கறவன் ஒருத்தன் இருந்தாலே நமக்கு உக்கார நேரமில்லை.

ஸ்காட்டும் ஷாக்கிள்டனும் இதை நல்லாப் பிடிச்சுக்கிட்டாங்க. 1902ல டிஸ்கவரி கப்பல் அண்டார்டிகாவுல நின்னப்போ ஷாக்கிள்டன் ஆசிரியரா இருந்து 'சவுத் போலார் டைம்ஸ்'னு ஒரு பத்திரிகை. மொத்தமே ஒரே ஒரு பிரதி, டைப் அடிச்சது! எட்வர்ட் வில்சன் படம் வரைவார். எழுதறவங்க பேரு போட மாட்டாங்க, யாரு எழுதினதுன்னு கண்டுபிடிக்கறதே பாதி சந்தோஷம். 1908ல ஷாக்கிள்டன் தானே தலைவரா போனப்போ ஒரு அச்சு இயந்திரத்தையே தூக்கிட்டுப் போயிட்டாரு. ராய்ட்ஸ் முனையில பதினஞ்சு பேர் தங்கின ஒரு மரக்குடிசை. மை உறைஞ்சு போகும், அடியில மெழுகுவத்தி வெச்சு இளக்கி அச்சடிச்சாங்க. 'அரோரா ஆஸ்ட்ராலிஸ்'னு புத்தகம். நூறு பிரதிக்கு மேல போகாது. அட்டைக்கு எங்க போறது? சாமான் வந்த பெட்டிப் பலகையைத்தான் வெட்டிப் போட்டாங்க. அதனால ஒவ்வொரு பிரதியிலயும் உள்பக்கம் 'வெண்ணெய்', 'ஐரிஷ் ஸ்டூ'ன்னு பெட்டியில இருந்த எழுத்து அப்படியே இருக்கும். இன்னைக்கும் அந்தப் பிரதிகளை அந்தப் பேரை வெச்சுத்தான் அடையாளம் சொல்றாங்க. நம்மூரு ஏற்றுமதி அட்டைப்பெட்டியில பையனுங்க நோட்டுக்கு அட்டை போட்ட மாதிரி!

1915ல ஷாக்கிள்டனோட எண்டியூரன்ஸ் கப்பல் நொறுங்கினப்போ, ஆளுக்கு ரெண்டு பவுண்டு எடை சாமான்தான் எடுக்கலாம்னு உத்தரவு. ஆனா லியோனார்ட் ஹஸ்ஸியோட பேஞ்சோ வாத்தியத்தை மட்டும் அவரே எடுக்கச் சொல்லிட்டாரு. அது எடை 12 பவுண்டு. எலிஃபண்ட் தீவுல 22 பேர் கவிழ்த்த படகுக்கு அடியில நாலரை மாசம் கிடந்தப்போ சனிக்கிழமை சனிக்கிழமை கச்சேரி நடந்தது அதை வெச்சுத்தான்.

சரி, நம்மாளுங்க கதைக்கு வருவோம்.

இந்தியாவோட முதல் பயணம் 1981 டிசம்பர் 6ம் தேதி கோவாவுல இருந்து கிளம்புச்சு. போலார் சர்க்கிள்ங்கற வாடகைக் கப்பல், தலைவர் எஸ்.இசட். காசிம், மொத்தம் 21 பேர். 1982 ஜனவரி 9ம் தேதி அண்டார்டிகாவுல கால் வெச்சாங்க. கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிட்டாங்க. தங்கிக் குளிர்காலம் கழிக்கறதுங்கறது மூணாவது பயணத்துலதான். ஹர்ஷ் கே. குப்தா தலைமையில 1983-84ல போனவங்க 81 பேர். அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தான்னு ரெண்டு பெண் விஞ்ஞானிகளும் அதுல உண்டு. சில வாரத்துக்குள்ள பனித்தட்டு மேல தட்சிண கங்கோத்ரி நிலையத்தைக் கட்டி முடிச்சாங்க. கப்பல் திரும்பினப்போ 12 பேர் மட்டும் அங்கேயே நின்னாங்க. தலைவர் ராணுவ அதிகாரி சத்ய ஸ்வரூப் சர்மா.

அந்தப் பன்னெண்டு பேரைத்தான் நான் ரொம்ப யோசிச்சுப் பாக்கறேன். அவங்களுக்கு முன்னாடி நம்ம நாட்டு அணி எதுவும் அப்படி இருந்ததில்லை. "போன வருஷம் இருந்தவங்க இப்படிச் சமாளிச்சாங்க"ன்னு சொல்ல ஆளே கிடையாது. இன்டர்நெட் இல்லை, செல்போன் இல்லை. கடிதம் போடலாம், ஆனா அடுத்த கப்பல்லதான் போகும். கட்டடமோ பனி மேல நிக்கறது. பனி விழ விழ அது கீழ போயிட்டே இருக்கும். வருஷம் ஆக ஆக, தட்சிண கங்கோத்ரிங்கறது பனிக்கு அடியில இருக்கற வீடு மாதிரி ஆயிடுச்சு. 1990ல அதைக் கைவிட்டது அதனாலதான்.

அங்க வேலையே ஒரு பொழுதுபோக்குத்தான். தண்ணி வேணும்னா பனியை வெட்டி உருக்கணும். ஜெனரேட்டரை ராத்திரியும் பகலும் ஆள் மாத்தி ஆள் காவல் காக்கணும், அது நின்னா எல்லாரும் காலி. வானிலைக் கணக்கு நேரம் தவறாம எடுக்கணும். சமையலுக்கு உதவி, பாத்திரம் கழுவறது, கூட்டறது எல்லாம் முறை போட்டுத்தான். இந்த முறை வைக்கறது இந்திய நிலையங்கள்ல இன்னைக்கு வரைக்கும் இருக்கு. விஞ்ஞானியா இருந்தாலும், ராணுவ அதிகாரியா இருந்தாலும் முறை வந்தா வெங்காயம் உரிக்கணும். எனக்கு இதுதான் அந்த வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடிச்ச விஷயம். நம்ம கம்பெனியில மேனேஜரை ஒரு நாள் பீஸ் அடுக்கச் சொன்னா எப்படியிருக்கும்னு நினைச்சுப் பாத்தேன். வேண்டாம், விடுங்க.

இன்னொண்ணும் புரிஞ்சது. அங்க எல்லாருக்கும் ஓய்வு ஒரே மாதிரி இல்லை. சமையல்காரருக்கும் மெக்கானிக்குக்கும் டீசல் பாக்கறவருக்கும் போர் அடிக்க நேரமே கிடையாது. ஆராய்ச்சிக் கருவி தானா பதிவு பண்ணிட்டிருக்க, அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறவருக்குத்தான் பொழுது நீளம். புயல் அடிச்சா அதுவும் வெளியில போக முடியாது. கேரம், சீட்டு, செஸ், வீடியோ கேசட்டு எல்லாம் எத்தனை நாளைக்கு? ஒரே ஆள்கிட்ட நூறாவது தடவை ஜெயிக்கறதுல என்ன இருக்கு?

(செஸ்ஸுன்னதும் ஒரு கதை ஞாபகம் வருது. ரஷ்யாவோட வோஸ்டோக் நிலையத்துல செஸ்ல தோத்தவர் ஜெயிச்சவரைப் பனிக்கோடாலியால தாக்கினாராம், அதுலருந்து அங்க செஸ்ஸுக்கே தடையாம். எல்லா இடத்துலயும் இது சுத்துது. ஆதாரம் கேட்டா யார்கிட்டயும் இல்லை. கதைன்னே வெச்சுக்கங்க.)

தட்சிண கங்கோத்ரியில இருந்த இன்னொரு பொழுதுபோக்கு தபால் ஆபீஸ். நிஜமாத்தான்! கோவா தபால் கோட்டத்துக்குக் கீழ அங்க ஒரு கிளை வெச்சாங்க. 1987-88 பயணத்துல போன ஜி. சுதாகர் ராவ்ங்கற விஞ்ஞானி கௌரவ போஸ்ட்மாஸ்டர். முதல் வருஷத்துலயே கிட்டத்தட்ட 10,000 கடிதத்துக்கு முத்திரை குத்தினாங்கன்னு கணக்கு. பெரும்பாலும் தபால்தலை சேகரிக்கறவங்க முத்திரைக்காக அனுப்பினதுதான். கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் எங்கயோ இருந்து கவர் அனுப்பியிருக்கார், அதுல ஒரு முத்திரை விழணும்னு காத்திருக்கார். வெளியில புயல். உள்ள ஒருத்தர் உக்காந்து டொக்கு டொக்குன்னு குத்திட்டிருக்கார். கடைசியா 2024 ஏப்ரல் 5ம் தேதி பாரதி நிலையத்துலயும் ஒரு தபால் ஆபீஸ் திறந்தாங்க, வாட்ஸப் காலத்துல!

அந்த 1987-89 காலத்துல தட்சிண கங்கோத்ரிக்குத் தலைவரா இருந்தவர் ஒரு தமிழர். கர்னல் கணேசன், திருவாரூர் பக்கம் சன்னாநல்லூர்க்காரர். அங்கிருந்து கொண்டுவந்த கல்லை வெச்சு சொந்த ஊர்ல அகத்தூண்டுதல் பூங்கான்னு ஒண்ணு அமைச்சிருக்காரு. அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டு வரணும்னு இருக்கேன்.

அடுத்து வந்தது மைத்ரி, 1989ல. இது பனி மேல இல்லை, ஷிர்மாக்கர்ங்கற பாறைத் திட்டு மேல. பக்கத்துல பிரியதர்ஷினி ஏரி இருக்கு, தண்ணிக்குப் பனி உருக்க வேண்டாம். குளிர்காலத்துல சுமார் 25 பேர். பெரிய வசதி என்னன்னா, பக்கத்து வீடு இருக்கு! நாலஞ்சு கிலோமீட்டர்ல ரஷ்யாவோட நோவோலாசரவ்ஸ்கயா. விருந்துக்குப் போவாங்க, வருவாங்க. அந்த ரஷ்ய நிலையத்துலதான் 1961 ஏப்ரல் 30ம் தேதி டாக்டர் லியோனிட் ரோகோசவ் தன்னோட குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். 13 பேர்ல அவர் ஒருத்தர்தான் டாக்டர், வேற வழியில்லை. கருவி எடுத்துக் கொடுக்கவும் கண்ணாடி பிடிக்கவும் கூட இருந்தவங்க டிரைவரும் வானிலைக்காரரும்தான்.

2012ல வந்த மூணாவது நிலையம் பாரதி. 134 கப்பல் கண்டெய்னரை வெச்சுக் கட்டினது. (திருப்பூர்க்காரனுக்குக் கண்டெய்னர்னா தூத்துக்குடி போற லாரிதான் ஞாபகம் வரும்.) இஸ்ரோவுல இருந்து மங்களா மணிங்கறவங்க 2016-17ல அங்க 403 நாள் இருந்தாங்க. வயசு 56. 23 பேர் அணியில அவங்க ஒருத்தர்தான் பெண். செயற்கைக்கோள் தலைக்கு மேல வர்ற நேரமெல்லாம் தரவு இறக்கணும், அது ராத்திரி பகல் பாக்காது. அந்த வகையில பார்த்தா சூரியன் இல்லாத ஊர்ல அவங்களுக்குக் கடிகாரம் வானத்துலயே இருந்துச்சு.

எல்லா நாட்டு நிலையத்துக்கும் பொதுவான நோம்பி ஒண்ணு உண்டு. ஜூன் 21, நடுக்குளிர்கால நாள். அன்னைக்கு இருக்கறதுலயே நல்ல துணி, இருக்கறதுலயே நல்ல சாப்பாடு. நிலையத்துக்கு நிலையம் வாழ்த்து போகும். இருட்டு பாதி தாண்டிடுச்சு, இனிமே சூரியன் நம்ம பக்கம் வருதுன்னு அர்த்தம். அமெரிக்காக்காரங்க தென்துருவ நிலையத்துல பிப்ரவரியில கடைசி விமானம் கிளம்பினதும் 'தி திங்'னு அண்டார்டிகா பேய்ப்படத்தைக் கூட்டமா உக்காந்து பாக்கறதை வழக்கமா வெச்சிருக்காங்க. தைரியசாலிங்கதான்.

ஆனா நான் படிச்சதுலயே என்னை உலுக்கின விஷயம் இதெல்லாம் இல்லை. 1991ல பெக்டெல், பெர்னிங்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 'மூணாவது கால்பகுதி'ன்னு ஒண்ணு சொன்னாங்க. இப்படி அடைஞ்சு கிடக்கறவங்களுக்கு மனசு ரொம்ப விழறது ஆரம்பத்துல இல்லை, நட்ட நடு இருட்டுலயும் இல்லை. பாதி தாண்டினதுக்கப்புறம்தான். பாதி முடிஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்ட அடுத்த நாளே, "அய்யோ, இன்னும் இவ்வளவு இருக்கா"ன்னு தோண ஆரம்பிக்குமாம். எல்லா அணியிலயும் இப்படி நடக்கறதில்லைன்னு பின்னால வந்த சில ஆராய்ச்சிகள் சொல்லுது. இருக்கலாம். எனக்கு மட்டும் படிச்சதும் 2011 ஞாபகம் வந்துடுச்சு.

2011 ஜனவரி கடைசியில நொய்யல் மாசு வழக்குல சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறை அத்தனையும் மூடினாங்க. எழுநூறுக்கும் மேல. நொய்யல் தண்ணியைப் பாத்தவங்க யாரும் அந்த உத்தரவு தப்புன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா வேலை போனவன் போனவன்தானே. எங்க பெரியப்பா ஒரு பட்டறையில பாய்லர் பாத்துட்டிருந்தாரு. முதல் மாசம் எல்லாரும் ஜாலியாத்தான் இருந்தாங்க. லீவு விட்ட மாதிரி. புளியமரத்தடியில தாயம், ஆடுபுலி, அப்புறம் காசு வெச்சுச் சீட்டு. வெளியூர்க்காரங்க பொட்டி கட்டிட்டுப் போயிட்டாங்க. கோடை தாண்டினப்புறம்தான், "அடுத்த மாசம் திறந்துடுவாங்க"ன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனப்புறம்தான், ஒவ்வொரு வீட்டுலயா சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. சின்னச் சின்ன விஷயத்துக்கு அடிதடி. சீட்டுக் கூட்டம் சாராயக் கூட்டமாச்சு.

பெரியப்பா மட்டும் தினமும் காலையில எட்டு மணிக்கு டிபன் கேரியரைத் தூக்கிட்டு மூடின பட்டறைக்கே போவாரு. கேட்டுல வாட்ச்மேன் கூட உக்காந்திருப்பாரு. ஓனர்கிட்டக் கேட்டுக்கிட்டு பாய்லரைத் துடைப்பாரு, வால்வுக்கு எண்ணெய் போடுவாரு, சாயந்திரம் அஞ்சரைக்குத் திரும்புவாரு. சம்பளம் ஒரு பைசா கிடையாது. ஊரே சிரிச்சுது. நானும் கேட்டேன், "ஏனுங் பெரியப்பா, மூடிக் கிடக்கற பட்டறைக்குத் தினமும் எதுக்குங்க போறீங்க?"ன்னு.

"அந்த வாட்ச்மேன் டீ வாங்கி வெச்சுட்டு உக்காந்திருப்பான் கண்ணு. போகலைன்னா ஆறிப் போயிடும்"னாரு.

மறுபடியும் பாய்லரைப் பத்த வெச்ச அன்னைக்கு அவருதான் வால்வைத் திறந்தாரு. துரு ஏறாம லேசாத் திரும்புச்சுன்னு ஒரு வாரம் அதையே சொல்லிட்டிருந்தாரு.